நிழலை எடுத்தால் மட்டும் ஃபிளாட் ஆகிவிடுமா? – நெல்லை வாசகர்களின் லோகோ கேள்விகள்

பெயர்ப்பலகை, பொட்டலம், துணிப்பை, வாட்ஸ்அப் படம் என்று ஒரு லோகோ போய் உட்காரும் இடங்கள் பல. அதைத் தட்டையாகவும் எளிமையாகவும் அமைப்பது பற்றி நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

ஃபிளாட் லோகோ என்றால் என்ன? பெரிய கம்பெனிகள் மாறியதால் வந்த ஃபேஷன்தானே? நாலு வருடத்தில் போய்விடாதா?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

ஒரு நிறத்தை முழுக்க ஒரே அடர்த்தியில் நிரப்புவதுதான் ஃபிளாட். பளபளப்பு, நிழல், புடைப்பு, ஒரு நிறம் இன்னொன்றில் கரையும் கிரேடியன்ட் எதன் தயவும் இல்லாமல் வடிவத்தின் விளிம்பு மட்டுமே அடையாளத்தைச் சுமக்கும்.

கணினித் திரையில் இது அலையாக வந்த காலம் தெரிந்ததே. மைக்ரோசாஃப்ட் 2012-ல் நான்கு தட்டைச் சதுரங்களுக்கு வந்தது. 2013-ல் ஆப்பிள் தன் ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 7-ல் பளபளப்பான ஐகான்களைக் கைவிட்டது. கூகுள் 2015-லும் ஃபோக்ஸ்வாகன் 2019-லும் பிஎம்டபிள்யூ 2020-லும் மாறின. கைபேசித் திரையில் நகத்தளவு இடத்தில் லோகோ நிற்க வேண்டி வந்தது முக்கியக் காரணம். அந்த அளவில் நிழலும் மினுக்கும் வெறும் அழுக்காகத்தான் தெரியும்.

ஆனால் இந்த வழி கணினிக்கு முன்பே நம் ஊர்ச் சுவர்களில் இருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் தலைகீழ்ச் சிவப்பு முக்கோணத்தை எந்தக் கிராமத்துப் பெயிண்டரும் ஒரு டப்பா சிவப்பு எனாமலை வைத்து எழுதிவிட முடிந்தது. ஸ்டேட் பாங்கின் நீல வட்டமும் அடியில் திறக்கும் சாவித்துளை போன்ற வெட்டும் 1971-ல் வந்தவை. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் உருவாக்கியது. காசோலையிலும் சரி, முத்திரையிலும் சரி, மாடி உயரப் பலகையிலும் சரி, அது ஒரே மாதிரி நிற்கிறது. உணவுப் பொட்டலத்தில் சைவத்துக்குப் போடும் பச்சைச் சதுரமும் உள்ளே இருக்கும் பச்சை வட்டமும்கூட இதே வகைதான். சிறிய பொட்டலத்தில் அந்த வட்டத்துக்கு விதி சொல்லும் குறைந்தபட்ச விட்டம் 3 மி.மீ. அந்த அளவிலும் யாரும் அதைத் தவறாகப் படிப்பதில்லை.

ஃபேஷன் என்று சொல்லத்தக்க பகுதியும் உண்டு. எல்லாரும் ஒரே மாதிரி மெல்லிய ஆங்கில எழுத்து, ஒரே மாதிரி இளநீலம் என்று போவது அது. அது போகும், போகட்டும். ஒரே நிறத்தில், சிறிய அளவில், மட்டமான அச்சிலும் அடையாளம் தெரிய வேண்டும் என்ற தேவை போகாது.

எங்கள் இனிப்புக் கடையின் லோகோவில் தங்க நிற எழுத்து, அதைச் சுற்றி வெள்ளை, சிவப்பு என்று இரண்டு கோடு, பின்னால் நிழல், நடுவில் வாழை இலையில் நெய் வழியும் அல்வா எல்லாம் இருக்கின்றன. பையில் அச்சடித்தால் எல்லாம் அப்பிக்கொள்கிறது. மாற்றினால் பழைய வாடிக்கையாளர்கள் வேறு கடை என்று நினைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– கடைக்காரர், திருநெல்வேலி டவுன்

பயம் நியாயமானது. அதனால்தான் கிரேடியன்டை அணைத்து, நிழலை நீக்கி, 'ஃபிளாட் ஆகிவிட்டது' என்று கொடுக்கும் வேலையை ஏற்காதீர்கள். பளபளப்பை நம்பி வரைந்த படத்தில் பளபளப்பை மட்டும் எடுத்தால் மிச்சம் இருப்பது அரைகுறை. வடிவத்தைப் புதிதாக யோசிக்க வேண்டும்.

முதலில் எது உங்கள் அடையாளம் என்று கண்டுபிடியுங்கள். கடை ஊழியர்கள், நெடுநாள் வாடிக்கையாளர்கள் பத்துப் பேரிடம் பேப்பரும் பேனாவும் கொடுத்து, பலகையைப் பார்க்காமல் லோகோவை வரையச் சொல்லுங்கள். கோணல்மாணலாக வரட்டும். பெரும்பாலானவர்கள் எதை வரைகிறார்களோ அதுவே அவர்கள் மனதில் இருப்பது. அடுத்து, இப்போதைய லோகோவை 2 செ.மீ. அகலத்தில் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு சோதனையிலும் தப்பிப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும். அனேகமாக எழுத்தின் சாயலும் சிவப்பு நிறமும் தப்பிக்கும், அல்வா தப்பிக்காது. அதற்குக் காரணம் இருக்கிறது: அல்வாவுக்கு என்று ஓர் உருவம் கிடையாது. நெய் மினுக்கை எடுத்துவிட்டால் அது வெறும் பழுப்புக் குவியல். தட்டை வரைவில் அல்வாவை வரைய முயல்வதே வீண் என்பது எங்கள் கருத்து. இலை அப்படி இல்லை. நடு நரம்பும், ஒரு பக்கம் கூர்ந்து மறுபக்கம் நறுக்கிய நுனி இலையின் விளிம்பும் ஒரே நிறத்தில் தெளிவாகத் தெரியும்.

வரையும்போது கறுப்பில் மட்டும் வரையச் சொல்லுங்கள். நிறம் கடைசியில்தான். ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடங்களை இதுவரை நிழல் பிரித்துக் காட்டியது. இனி அந்த வேலையை இடைவெளி செய்யும். இலைக்கும் எழுத்துக்கும் நடுவில் விடும் வெள்ளைச் சந்து மொத்த லோகோ அகலத்தில் இருபதில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருந்தால், 2 செ.மீ. அளவில் 1 மி.மீ. கிடைக்கும். பையில் அடைபடாது. எழுத்தைச் சுற்றிய இரண்டு கோடுகளும் வேண்டாம், அப்பிக்கொள்வது அவைதான்.

தங்க நிறம் பற்றி ஒரு வார்த்தை. நான்கு வண்ண ஆஃப்செட்டில் தங்கம் என்று ஒன்று கிடையாது. மஞ்சளும் பழுப்பும் கரைத்து ஏமாற்றுவதைத்தான் இதுவரை தங்கம் என்று நினைத்திருப்பீர்கள். தட்டையாகப் போகும்போது கடுகு மஞ்சளை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். அச்சின் நான்கு மைகளில் சயான் (இளநீலம்) 10, மஜந்தா (இளஞ்சிவப்பு) 35, மஞ்சள் 100, கறுப்பு 5 சதவீதம் என்ற கலவையில் தொடங்கி, உங்கள் அட்டையில் ஒரு மாதிரி அடித்துப் பார்த்துத் திருத்தலாம். உண்மையான தங்கம் வேண்டுமானால் தீபாவளிப் பெட்டிக்கு மட்டும் ஃபாயில் ஒட்டுங்கள். ஃபாயிலுக்கும் தட்டை வடிவம்தான் வேண்டும்.

மாற்றுகிற நாளில் நிறத்தை மட்டும் தொடாதீர்கள். தெருவில் வருகிறவர் தூரத்திலிருந்து முதலில் பிடிப்பது அதைத்தான். பலகையும் பெட்டியும் பையும் ஆறு மாத இடைவெளியில் ஒவ்வொன்றாக மாறினால்தான் 'வேறு கடையோ' என்ற சந்தேகம் வரும். பழைய பெட்டி தீரும் நேரம் பார்த்து எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். பெட்டி பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறோம்: அச்சிட்ட பக்கம் அல்வாவில் படவே கூடாது. முழு நிறம் நிரப்பிய அட்டையில் மை அதிகம். நெய் அதை இளக்கும்.

நாங்கள் பாய் முடையும் மகளிர் குழு. சுருட்டிய பாயின் போட்டோவைத்தான் லோகோவாக வைத்திருக்கிறோம். பாயில் தைக்கும் துணி லேபிளில் அது ஒன்றுமே தெரியவில்லை. பாயின் பின்னலை எப்படி எளிமையாகக் காட்டுவது?
– குழு உறுப்பினர், பத்தமடை

பின்னலைக் காட்டாதீர்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும். கோரையை அவ்வளவு நுணுக்கமாகக் கிழித்து நெய்வதுதான் பத்தமடையின் பெருமை. ஆனால் அந்த நுணுக்கம் கையில் தொட்டுப் பார்க்க வேண்டியது. 2 செ.மீ. லேபிளில் அதற்கு இடமில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மி.மீ. அகலத்தில் 40 கோடுகளும் இடையில் 39 சந்துகளும் வந்தால் ஒவ்வொன்றும் சுமார் 0.25 மி.மீ. துணியில் ஸ்கிரீன் பிரிண்ட் செய்யும்போது அரை மி.மீட்டருக்குக் கீழே உள்ள கோடு துண்டு துண்டாக வரும், சந்து மையால் அடையும். முடிவில் சாம்பல் கட்டம்தான் கிடைக்கும். அதே 20 மி.மீட்டரில் 5 கோடு, 4 சந்து வைத்தால் ஒவ்வொன்றும் 2.2 மி.மீ. லேபிளை 8 மி.மீட்டருக்குச் சுருக்கினாலும் 0.9 மி.மீ. மிஞ்சும்.

எனவே பின்னலை விட்டுவிட்டு, பாயின் இரு தலைப்பிலும் ஓடும் வண்ணக் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். நீள்சதுரம் ஒன்று. இரண்டு முனையிலும் கரைப் பட்டைகள், அவையும் ஒரே அகலத்தில் வேண்டாம். அகலம், குறுகல், அகலம் என்று உங்கள் தறியில் வழக்கமாக வரும் வரிசையிலேயே வையுங்கள். தெரிந்தவர் பார்த்தால் பத்தமடைக் கரை என்று சொல்லிவிடுவார். ஒரு மூலை மடிந்திருப்பதுபோல ஒரு முக்கோணம், அதைப் பிரிக்கும் ஒரு சந்து. இது கொடிப் படமோ கட்டம் போட்ட பெட்டியோ இல்லை, விரித்த பாய் என்று சொல்ல அந்த மடிப்பு ஒன்றே போதும்.

சுருட்டிய பாயைப் பக்கவாட்டில் காட்டும் சுருள் எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. தவிர்த்துவிடுங்கள். தட்டையாக வரைந்தால் அது கொசுவர்த்திச் சுருளாகவும் முறுக்காகவும்தான் படிக்கப்படும். பக்கத்தில் 'பாய்' என்று எழுதி விளக்க வேண்டிவந்தால் அந்த வடிவம் தோற்றது.

கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்து தருகிறீர்கள் அல்லவா? லோகோவையும் பாயிலேயே நெய்ய எண்ணம் இருந்தால் வளைவுகளையும் சாய்கோடுகளையும் முதலிலேயே குறைத்து வரையச் சொல்லுங்கள். ஊடும் பாவும் படிக்கட்டுபோல ஏறித்தான் சாய்வைக் காட்ட முடியும். முக்கோண மடிப்பை 45 பாகையில் வைத்தால் படிகள் ஒழுங்காக விழும். 30 பாகையில் வைத்தால் ஒரு படி நீளமும் ஒரு படி குட்டையுமாக வரும்.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. அதன் சின்னத்தை உங்கள் லோகோவுக்குள் கலந்து வரையாதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொண்டு, தனியாக, பக்கத்தில் போட வேண்டியது அது.

கருப்பட்டி வியாபாரத்துக்கு ஒரு பனைமரமும் கருப்பட்டியும் வைத்து லோகோ செய்தோம். பார்த்தவர்கள் தேங்காய் எண்ணெயா என்று கேட்கிறார்கள். பழுப்பு நிறக் காகிதப் பையில் அச்சிட வேண்டும்.
– வாசகர், உடன்குடி

உங்களுக்கு வரைந்தவர் இணையத்தில் எடுத்த மரத்தை வைத்திருக்கிறார். அங்கே கிடைப்பதெல்லாம் தென்னை அல்லது கடற்கரை விடுதி மரம். தட்டை வரைவில் விளிம்பு மட்டுமே பேசும் என்பதால் விளிம்பில் செய்த தவறை வேறு எதனாலும் சரிக்கட்ட முடியாது. தென்னையோலை இறகுபோல நீண்டு தொங்கும், தண்டு வளையும். பனையோலை விசிறி. தண்டு நெட்டுக்குத்து, தலை ஏறக்குறைய உருண்டை. முழு மரம் வேண்டாம், ஒற்றை விசிறி ஓலை போதும். 7 அல்லது 9 மடிப்பு, நுனிகள் கூராகப் பிரிந்திருக்கட்டும். ஒற்றைப்படை எண் வைத்தால் நடுவில் ஒரு மடிப்பு நிமிர்ந்து நிற்கும்.

சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டி தட்டையில் வெறும் அரைவட்டம். தனியாக நின்றால் குன்று, தொப்பி, சூரிய உதயம் என்று என்னவாகவும் தெரியும். அதற்கு மேலே விசிறி ஓலையை எழுப்புங்கள். அரைவட்டத்தின் விட்டமும் ஓலையின் அகலமும் 2-க்கு 3 என்ற அளவில் இருந்தால் ஒன்று மற்றதை விழுங்காது. இரண்டும் சேர்ந்தால் கேள்வி வராது.

பழுப்புக் காகிதத்தில் வெள்ளை இருக்காது, அச்சு மை அடியில் உள்ள நிறத்தை மறைக்காது. பச்சை மங்கி அழுக்காகும், மஞ்சள் காணாமலே போகும். கறுப்பு அல்லது மிக அடர்ந்த காப்பி நிறம் ஒன்றே ஒன்று வையுங்கள். ஓலையின் மடிப்புச் சந்துகளில் காகிதத்தின் நிறமே தெரியும், அதுவே இரண்டாவது நிறம். செலவும் ஒரு நிறத்துக்குத்தான்.

தமிழ்ப் பெயரை வைத்து ஃபிளாட் லோகோ செய்தால் சிறிய அளவில் எழுத்துகள் அடைத்துக்கொள்கின்றன. வேறு அச்சகத்துக்கு அனுப்பினால் எழுத்தே மாறிவிடுகிறது. எங்கே தவறு?
– அச்சக வடிவமைப்பாளர், நெல்லை ஜங்ஷன்

இரண்டு தனிப் பிரச்சினைகள் இவை.

முதலாவது எழுத்தின் உள்வெளி. ண, ஞ, ழ, ஐ, னை, ணை ஆகியவற்றில் சுழிகள் நெருக்கம். 'எளிமை, உறுதி' என்று நினைத்துத் தடித்த எழுத்தை எடுத்தால் சுழிக்குள் இருக்கும் வெள்ளை முதலில் சாகும். நடுத்தரத் தடிமனை எடுத்து, எழுத்துகளுக்கு நடுவே சற்று இடம் விடுங்கள். முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், பவனம், மீரா இனிமை, பாலு தம்பி போன்ற எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, வணிக லோகோவுக்கும் பயன்படுத்தலாம். அவற்றில் உங்கள் பெயரை மட்டும் அடித்து, 12 மி.மீ. அகலத்தில் அச்சிட்டு ஒப்பிட்டு எடுங்கள். எழுத்துருவின் மாதிரி வாக்கியத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் உங்கள் பெயரில் இருக்கும் ணை அங்கே வந்திருக்காது.

புள்ளிதான் அடிக்கடி பலியாவது. அதன் விட்டம் எழுத்துக் கோட்டின் தடிமனுக்குக் குறையவே கூடாது. எழுத்தின் தலையிலிருந்து கோட்டுத் தடிமனில் பாதிக்கு மேல் விலகி நிற்க வேண்டும். ஒற்றைக் கொம்பும் இரட்டைச் சுழிக் கொம்பும் சிறிய அளவில் ஒன்றாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். 'வெ' என்பதும் 'வே' என்பதும் மயங்கினால் கடையின் பெயரே மாறிப்போகும். இன்னொன்று, கோடுகளை நேராக்கும் ஆசையில் ர-வின் அடிவாலை வெட்டிவிடுகிறார்கள். வால் போனால் அது துணைக்கால். ப, ட, ம, ய போன்றவை இயல்பிலேயே நேர்கோடும் வளைவுமாக இருப்பதால் எளிமைப்படுத்தலைத் தாங்கும். இ, ஜ, ஞ தாங்காது, அவற்றின் மேல் அளவுகோலை வைக்காதீர்கள்.

அடர் நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வரும்போது மை உள்ளே பரவி எழுத்து மெலியும். அதற்கென்று தனிக் கோப்பு வைத்து, கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக்கித் தாருங்கள்.

இரண்டாவது பிரச்சினை கோப்பில் இருக்கிறது. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் வேலை முடிந்ததும் திருத்தக்கூடிய நகல் ஒன்றைத் தனியாகச் சேமித்துவிட்டு, அனுப்பும் நகலில் எழுத்து முழுவதையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், கியூ அழுத்தி வளைகோடாக மாற்றுங்கள். வெளிக்கோடு போட்டிருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், கியூ அழுத்தி அதையும் வடிவமாக்குங்கள். இதைச் செய்யாமல் சுருக்கினால் வடிவம் மட்டும் சிறிதாகி, கோட்டின் தடிமன் பழைய அளவிலேயே நின்று எல்லாவற்றையும் மூடிவிடும். எஃப் 12 அழுத்தினால் வரும் பெட்டியில், பொருளோடு கோடும் சுருங்கும்படி அமைக்கும் தேர்வை விட்டுவிடுவதால் வரும் வினை இது. ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் வடிவங்களை வெல்ட் செய்து ஒன்றாக்கி, விளிம்புக் கோடுகளை மட்டும் காட்டும் வயர்ஃபிரேம் பார்வையில் ஒரு முறை பாருங்கள். உள்ளே தேவையற்ற கோடு ஒன்று இருந்தாலும் வினைல் வெட்டும் பிளாட்டர் அதையும் வெட்டும்.

ஃபிளாட் லோகோவுக்கு அச்சகத்தில் ஒரு விலையும் உண்டு. பெரிய பரப்பில் ஒரே நிறம் வந்தால் திட்டும் ஊசித்துளையும் கோடு விழுவதும் பளிச்சென்று தெரியும். கிரேடியன்ட் அவற்றை மறைத்துவிடும், தட்டை நிறம் மறைக்காது. முழு நிறப் பரப்பை நான்கு வண்ணம் கலந்து அடிக்காமல், கலந்து வைத்த ஒற்றை மையில் தனித் தகடு போட்டு அடியுங்கள். தாள்களை உயரமாக அடுக்காதீர்கள், ஈர மை மேல் தாளின் முதுகில் ஒட்டும். கறுப்பு எழுத்து வெறும் கறுப்புத் தகட்டில் மட்டும் இருக்கட்டும். நான்கு தகட்டிலும் கறுப்பு ஏறினால் கால் மி.மீ. விலகலிலேயே எழுத்தைச் சுற்றி நிறப் பிசிறு தெரியும்.

மஞ்சப்பையில் எங்கள் நீல லோகோ பச்சையாக வருகிறது. அச்சடிப்பவர் துணியைக் குறை சொல்கிறார்.
– ஜவுளிக் கடைக்காரர், சங்கரன்கோவில்

துணியின் மேல் குற்றமில்லை. மஞ்சளின் மேல் மறைக்காத நீலம் விழுந்தால் பச்சைதான் வரும். மூன்று வழிகள் உண்டு. அடியில் வெள்ளை ஒரு பூச்சு போட்டு மேலே நீலம் அடிக்கலாம், ஆனால் இன்னொரு ஸ்கிரீன், இன்னொரு கூலி. மறைக்கும் திறன் கூடிய மை வாங்கலாம், அச்சு விழுந்த இடம் தொட்டால் சற்று மொடமொடக்கும். மூன்றாவது எளிது: பைக்கு மட்டும் லோகோவைக் கறுப்பில் அல்லது அடர் மெரூனில் அடியுங்கள். வடிவம் உறுதியான லோகோ நிறம் மாறினாலும் அடையாளம் காட்டும்.

இரண்டு நிறத்தில்தான் வேண்டுமென்றால், அவை ஒட்டி உட்காரும்படி வரையாதீர்கள். தைத்த பை இழுபடும், இரண்டாம் நிறம் 1 மி.மீ. விலகுவது சாதாரணம். நடுவில் ஒன்றரை மி.மீ. சந்து விட்டால் விலகல் கண்ணில் படாது.

மண்பாண்டத்தின் அடியில் பதிக்க அச்சு செய்ய வேண்டும். லோகோ எப்படி இருக்க வேண்டும்?
– வாசகர், காருகுறிச்சி

ஒற்றைக் கோட்டு வடிவம், கோடு 2 மி.மீ. தடிமன், சந்தும் 2 மி.மீ., ஆழம் 2 மி.மீ. கோட்டின் பக்கச் சுவர் நெட்டாக இல்லாமல் சற்றுச் சரிந்திருந்தால் அச்சு மண்ணைப் பிய்க்காமல் கழலும். மூடிய சிறு சுழிகள் வேண்டாம், உள்ளே சிக்கிய மண் அச்சோடு வந்துவிடும். உள்மூலைகளை உருட்டுங்கள், கூர் மூலையில்தான் காயும்போது வெடிப்பு தொடங்கும். எழுத்து இருந்தால் அச்சில் இடவலம் மாறியிருக்க வேண்டும்.

மண் காய்ந்து சுட்டபின் சுருங்கும். பத்தில் ஒரு பங்கு சுருங்கும் மண் என்றால் 30 மி.மீ. வேண்டுமிடத்தில் சுமார் 33.3 மி.மீ. அச்சு வெட்டுங்கள். உங்கள் மண்ணின் சுருக்கத்தை 10 செ.மீ. பட்டை ஒன்று செய்து சுட்டு அளந்துகொள்வது நல்லது. கையில் ஒட்டாமல், ஆனால் இன்னும் நெகிழும் பதத்தில் பதியுங்கள். அச்சில் கொஞ்சம் சாம்பல் தொட்டுக்கொள்ளலாம்.

பேக்கரிக்கு நாற்கர சாலையோரம் எல்இடி எழுத்துப் பலகை வைக்கிறோம். அதே லோகோ வாட்ஸ்அப்பிலும் வர வேண்டும். இரண்டுக்கும் ஒன்று போதுமா?
– வாசகர், வள்ளியூர்

வடிவம் ஒன்று, அமைப்பு இரண்டு. பலகைக்குக் கிடைமட்டமாகச் சின்னமும் பெயரும், வாட்ஸ்அப்புக்குச் சின்னம் மட்டும்.

பத்தடி தூரத்துக்கு எழுத்து 1 அங்குல உயரம் என்பது பலகை வேலையின் பொதுக் கணக்கு. 150 அடிக்கு அப்பாலிருந்து வண்டியில் வருபவர் வசதியாகப் படிக்க 15 அங்குலம். தமிழில் இந்த உயரத்தை ப, ட போன்ற எழுத்தின் உடலில் அளக்க வேண்டும், மேல்விலங்கையும் கீழ்விலங்கையும் (கி, கு போன்றவற்றில் மேலும் கீழும் நீளும் கோடுகள்) சேர்த்து அளந்தால் எழுத்து குட்டையாகிவிடும். கோட்டின் அகலம் 1 அங்குலத்துக்குக் குறைந்தால் உள்ளே எல்இடி மாட்யூல் (விளக்குத் துண்டு) உட்கார இடம் பற்றாது.

புள்ளியை மறக்காதீர்கள். அது தனித் துண்டு, தனித் துளை, தனி ஒயர். வேலை மிச்சம் என்று அதை விட்டுவிடுபவர்களும், விளக்கு எரியாத வெறும் பிளாஸ்டிக்கில் ஒட்டிவிடுபவர்களும் உண்டு. பகலில் 'பேக்கரி' என்றிருப்பது இரவில் 'பேககரி' ஆகும். புள்ளிக்கு ஒரு முழு மாட்யூல் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

வாட்ஸ்அப் படத்தை வட்டமாக வெட்டிக் காட்டும். சதுரச் சின்னம் என்றால் வட்டத்தின் விட்டத்தில் 70 சதவீதத்துக்குள் அடக்கினால் மூலைகள் தப்பும். பெயரை அதற்குள் திணிக்காதீர்கள், பெயர் பக்கத்திலேயே எழுத்தாக வருகிறது.

எளிமையாகச் செய்துகொடுத்தால் கடைக்காரர்கள், "என்னவே இது, ஒரு வட்டமும் ரெண்டு கோடும்தான் இருக்கு, இதுக்கா இவ்வளவு துட்டு?" என்கிறார்கள். எப்படி விளக்குவது?
– வடிவமைப்பாளர், தென்காசி

வாயால் விளக்காமல் பொருளில் காட்டுங்கள். வெள்ளைத் திரையில் நடுவில் ஒற்றை லோகோவைக் காட்டினால் யாருக்கும் அது வெறுமையாகத்தான் படும். அவருடைய பில் புத்தகம், பை, கடை முகப்புப் போட்டோ ஆகியவற்றில் பழையதையும் புதியதையும் பக்கம் பக்கமாக அச்சிட்டுக் கொண்டுபோங்கள். பையில் ஒரு நிறத்துக்கும் நான்கு நிறத்துக்கும் உள்ள ஸ்கிரீன் செலவை அவர் வழக்கமாகக் கொடுக்கும் அச்சகத்திலேயே கேட்டு எழுதிச் சேருங்கள். வியாபாரிக்கு அந்தத் தாள் ஒன்று போதும்.

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வட்டத்தையும் இரண்டு கோட்டையும் பக்கத்துத் தெரு மருந்துக் கடைக்கு வைத்தாலும் பொருந்துமென்றால், அவர் கேட்டது சரி. அது எளிமை இல்லை, வேலை முடியவில்லை. கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்கு வெறும் வட்டம் போதாது. பொரித்த அப்பளத்தின் நெளிந்த விளிம்பில் இரண்டு குமிழ் வந்தால்தான் அது அப்பளம்.

புது லோகோவைப் பதிவு செய்ய வேண்டுமா? வட்டத்துக்குள் ஆர் எழுத்து எப்போது போடலாம்?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதிவுச் சான்று கையில் வந்த பிறகுதான் அந்த ஆர். முன்னதாகப் போடுவது 1999-ம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி குற்றம். அதுவரை டிஎம் (டிரேட் மார்க், அதாவது வணிகக் குறி) என்று போடலாம். இணையவழியில் ஒரு வகுப்புக்கு (பொருள்களை வகை பிரித்த பட்டியலில் ஒரு பிரிவு) தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுதொழில் ஆகியவற்றுக்குக் கட்டணம் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. இனிப்பு, கருப்பட்டி, அப்பளம் 30-ம் வகுப்பு. பாய் 27. மண்பாண்டம் 21. பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

நிற வரம்பு இல்லாமல், கறுப்பு வெள்ளையில் பதிந்தால் எல்லா நிறத்துக்கும் பதிந்ததாகவே கொள்ளப்படும். கறுப்பில் நிற்கும் லோகோவுக்குக் கிடைக்கும் கூடுதல் பலன் இது. ஆனால் வெறும் வட்டம், வெறும் சதுரம், 'திருநெல்வேலி அல்வா' போன்ற பொதுப் பெயர் ஆகியவை தனித்தன்மை இல்லை என்று திரும்பி வரும். வரைந்து கொடுத்தவரிடமிருந்து உரிமையை எழுத்தில் வாங்கிவிட்டு விண்ணப்பியுங்கள்.

முன்பே பயன்படுத்தி வரும் குறி என்று சொல்வதானால், எந்த நாளிலிருந்து என்பதற்குப் பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் கேட்பார்கள். லோகோவை மாற்றுகிறவர்கள் பழைய பெட்டி, பழைய பில், பழைய பலகையின் போட்டோ ஆகியவற்றைத் தேதியோடு ஓர் உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். புதிய லோகோவுக்கும் முதல் பில் போட்ட நாளிலிருந்தே அதே மாதிரி ஓர் உறை தொடங்குங்கள்.